அமெரிக்க பப்ளிக் ஹைஸ்கூல்: வீடு மாறும் முன் சில கேள்விகள், பதில்கள்

பள்ளிப் புள்ளிவிவரங்களோடு பல வருடமாகப் புழங்குகிறேன் என்பதால், வீடு வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இங்கே அனேகமாக வீட்டு முகவரிதான் பள்ளியைத் தீர்மானிக்கிறது. அதனால் பதற்றம் நியாயம்தான். வந்த கேள்விகளில் சில இதோ.

அக்கா, வீடு தேடும் தளத்தில் ஒரு ஹைஸ்கூலுக்கு 10-க்கு 6, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு 9 என்று போட்டிருக்கிறது. வீட்டு விலையில் பெரிய வித்தியாசம். 9 உள்ள இடத்தில்தான் நன்றாகச் சொல்லித்தருவார்களா? (நியூ ஜெர்சி)

அந்த எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. தேர்வு மதிப்பெண் பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும் ஒட்டியே ஓடும். அதில் ஆசிரியரின் பங்கு எவ்வளவு, வீட்டில் வைக்கும் டியூஷனின் பங்கு எவ்வளவு என்று 9 சொல்லாது. மாநிலம் வெளியிடும் பள்ளி ரிப்போர்ட் கார்டைத் திறந்து பாருங்கள். 2015-ன் கூட்டாட்சிக் கல்விச் சட்டப்படி இனம், வறுமை, ஆங்கிலம் கற்போர், மாற்றுத்திறனாளிகள் என்று பிரித்துத்தான் முடிவுகளைப் போட வேண்டும். உங்கள் பிள்ளையைப் போன்ற பிள்ளைகள் இருக்கும் வரியை இரண்டு பள்ளியிலும் ஒப்பிடுங்கள். அங்கே வித்தியாசம் சுருங்கிவிட்டால், வீட்டுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கப் போகும் பணம் அக்கம்பக்கத்துக்குத்தான், பாடத்துக்கு அல்ல.

பாதிக்கு மேல் ஏசியன் பிள்ளைகள் என்றால் அது டைவர்ஸ் (பலதரப்பட்ட பிள்ளைகள் கலந்த) பள்ளியா, இல்லையா?

'ஏசியன்' என்ற ஒரே கட்டத்துக்குள் நம் சாஃப்ட்வேர் குடும்பமும் இருக்கும், லாவோஸ் பக்கமிருந்து அகதியாக வந்த மொங் இனக் குடும்பமும் இருக்கும். நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் நியூயார்க்கின் ஸ்டைவசன்ட் பப்ளிக் பள்ளியைப் பாருங்கள். ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் ஏசியன். ஆனால் மாணவர்களில் பாதிப் பேர் அளவுக்குக் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள். அதே பள்ளியில் 2019-ல் இடம் கிடைத்த 895 பேரில் கறுப்பினப் பிள்ளைகள் 7 பேர் மட்டுமே. ஆக, வர்க்கத்தில் கலப்பு, இனத்தில் இல்லை. இன்னொன்று, வாசலைத் தாண்டிய பிறகு ஏ.பி. வகுப்புகளில் (ஹைஸ்கூலிலேயே நடக்கும் கல்லூரி அளவுப் பாடங்கள்) யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மத்தியக் கல்வித் துறையின் சிவில் உரிமைத் தரவில் பள்ளிவாரியாக அது கிடைக்கிறது. கட்டடம் கலந்திருந்து வகுப்பறை கலக்காத பள்ளிகள் நிறைய.

அறிவியல், தொழில்நுட்பத்துக்குப் பெயர்போன தாமஸ் ஜெஃபர்சன் பப்ளிக் ஹைஸ்கூல் டைவர்சிட்டிக்காக நுழைவுத் தேர்வை எடுத்ததும் தரம் சரிந்துவிட்டது என்று எங்கள் வட்டாரத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையா? (வர்ஜீனியா)

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அந்தப் பள்ளியை நடத்தும் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி 2020 கடைசியில் நுழைவுத் தேர்வையும் 100 டாலர் விண்ணப்பக் கட்டணத்தையும் எடுத்தது. ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பில் 1.5 சதவீதம் பேருக்கு இடம் ஒதுக்கி, மொத்த இடத்தையும் 550 ஆக்கியது. முதல் வருடமே ஏசியன் பங்கு 73-லிருந்து 54 சதவீதம் ஆனது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் ஒரு சதவீதத்துக்கும் கீழிருந்து 25 சதவீதம் ஆனார்கள். வழக்கு நடந்தது. 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் புதிய முறை செல்லும் என்றது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

அதே வருடம் யு.எஸ். நியூஸ் பத்திரிகையின் நாட்டளவிலான ஹைஸ்கூல் தரவரிசைப் பட்டியலில் பள்ளி 14-ஆம் இடத்துக்கு வந்தது. 2022-ல் முதலிடம். உடனே "பார்த்தீர்களா" என்றார்கள். ஆனால் அந்தப் பட்டியலுக்கு எடுத்தது 2021–22 கல்வியாண்டுத் தரவு. அதில் ஏ.பி. தேர்ச்சிக்குக் கணக்கிடப்பட்ட பன்னிரண்டாம் வகுப்பினர் எல்லாரும் பழைய நுழைவுத் தேர்வு எழுதி உள்ளே வந்தவர்கள்! அவர்களுக்குப் புதிய முறையோடு என்ன சம்பந்தம்?

இதனால் மாற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை. புதிய முறையில் சேர்ந்த முதல் அணி பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தபோது நேஷனல் மெரிட் (தேர்வு மதிப்பெண்ணை வைத்துத் தரும் தேசிய உதவித்தொகை) அரையிறுதிப் பட்டியலில் பள்ளியின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியானது. அது நிஜமான சரிவு. ஆனால் அது யாரைச் சேர்த்தார்கள் என்பதன் அளவு. சேர்ந்த பிள்ளைக்கு நாலு வருடத்தில் பள்ளி எவ்வளவு கற்றுக்கொடுத்தது என்பது வேறு கணக்கு. நம்மவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் பார்ட்டிகளில் சண்டை போடுகிறார்கள்.

ஹைஸ்கூலை முடிப்பவர்களின் விகிதம் (கிராஜுவேஷன் ரேட்) 98 சதவீதம் என்று போட்டிருந்தால் நம்பலாமா?

தனியாக நம்ப வேண்டாம். வாஷிங்டன் நகரில் 2017-ல் டிப்ளமா (ஹைஸ்கூல் முடித்த சான்றிதழ்) வாங்கிய 2,758 பேரில் 937 பேருக்கு விதிகளை மீறிக் கொடுத்திருந்தார்கள் என்று பின்னால் நடந்த விசாரணையில் தெரிந்தது. பலர் மாதக்கணக்கில் வகுப்புக்கே வராதவர்கள். வருகைப் பதிவையும் சேர்த்துப் பாருங்கள்.

எங்கள் ஹைஸ்கூலில் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. கெட்ட அறிகுறியா? (கலிஃபோர்னியா)

அவசியமில்லை. அமெரிக்காவில் 2007-ல் சுமார் 43 லட்சம் குழந்தைகள் பிறந்தன. அதுதான் உச்சம். அதன் பிறகு பிறப்பு இறங்குமுகம், அந்தப் பிள்ளைகள்தான் இப்போது ஹைஸ்கூலில். வீட்டு வாடகை ஏறி இளம் குடும்பங்கள் வெளியேறுவதும் ஒரு காரணம். கவலைப்பட வேண்டியது பணத்தைப் பற்றி. உங்கள் மாநிலத்தில் பெயர்ப் பதிவுக்கு அல்ல, தினசரி சராசரி வருகைக்குத்தான் நிதி. (டிசம்பரில் மூன்று வாரம் ஊருக்குப் போனால் அலுவலகத்திலிருந்து அத்தனை ஃபோன் வருவது இதனால்தான்.) பணம் குறைந்தால் முதலில் போவது ஆள் குறைவான ஏ.பி. வகுப்பும் இசைக்குழுவும்தான். போன வருடம் எந்த வகுப்பைக் கைவிட்டார்கள் என்று கவுன்சலரிடம் நேராகவே கேளுங்கள்.

பிள்ளையைப் போட்டி அதிகமான பெரிய பள்ளியில் சேர்த்தால் கல்லூரிக்கு நல்லதுதானே? (டாலஸ் பக்கம்)

டெக்சாஸில் கொஞ்சம் யோசியுங்கள். அங்கே 1997-லிருந்து பள்ளிக்குள் எடுக்கும் ரேங்க்தான் மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானியங்கி இடத்தைத் தருகிறது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அந்த வரம்பு வகுப்பின் முதல் 6 சதவீதமாக இருந்தது, 2026 சேர்க்கையிலிருந்து 5. வகுப்பில் 600 பேர் என்றால் 30 பேர்தான் உள்ளே. எல்லாரும் எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா முடித்துவிட்டு வரும் பள்ளியில் நல்ல பிள்ளைகூட 80-ஆவது ரேங்கில் நிற்கும். அதே பிள்ளை பத்து மைல் தள்ளி இருக்கும் 6 மதிப்பெண் பள்ளியில் முதல் இருபதுக்குள் வர வாய்ப்பிருக்கிறது. என் வீட்டுப் பிள்ளை என்றால், அங்கே கால்குலஸும் இயற்பியலும் ஏ.பி. அளவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அங்கேதான் சேர்ப்பேன்.