எக்செல் தாளை அன்கியில் ஏற்றினால் ஜப்பானிய எழுத்து கேள்விக்குறியாக வருகிறது, என்ன செய்வது?

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதான்: வகுப்பில் சேர் (ஆசிரியர்) தந்த எக்செல் தாளை, சொற்களை அட்டை அட்டையாகக் காட்டி மனப்பாடம் பண்ண வைக்கும் அன்கி மென்பொருளில் ஏற்றினேன், ஜப்பானியச் சொல்லெல்லாம் கேள்விக்குறியாக வருகிறது, பக்கத்தில் உள்ள தமிழ்ப் பொருளோ ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது, தாள் பழுதா, அன்கி பழுதா? இரண்டும் பழுதில்லை. கேள்விக்குறிக்கு ஒரு காரணம், ஆங்கில எழுத்துக்கு வேறொரு காரணம். நானும் தலவாக்கலையிலிருந்து ஹட்டனுக்கு பஸ் ஏறிப் போய் ஜப்பானிய மொழி படித்தவள்தான். ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்கான சோதனைகளுக்கு முன்பு ஆறு மாதம் இப்படிப்பட்ட தாள்களோடுதான் இருந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கேள்விக்குறியைப் பார்ப்போம். எக்செலில் சேமிக்கப் போனால் சிஎஸ்வி (காற்புள்ளியிட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் வரும். பெரும்பாலானவர்கள் வெறும் சிஎஸ்வியைத்தான் அழுத்துகிறார்கள். அது விண்டோஸின் பழைய எழுத்துத் தொகுதியில் சேமிக்கிறது. நம் ஊர்க் கணினிகளில் அது அநேகமாக ஆங்கிலத்துக்கும் ஐரோப்பிய மொழிகளுக்குமான தொகுதியாக இருக்கும். ஜப்பானிய ஒலியெழுத்தான ஹிரகனாவுக்கும் சீனத்திலிருந்து வந்த கான்ஜிக்கும் அதில் இடமே கிடையாது. இடமில்லாத ஒவ்வோர் எழுத்துக்கும் எக்செல் ஒரு கேள்விக்குறியை எழுதிவிடுகிறது. அப்படிச் சேமித்த கோப்பில் உங்கள் சொல் இல்லவே இல்லை, எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. அந்தச் சிஎஸ்வியை அழித்துவிடுங்கள். சேர் தந்த மூலத் தாளைத் திறந்து, யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துக்கும் இடமுள்ள முறை) என்று பெயரிலேயே போட்டிருக்கும் சிஎஸ்வி வகையாகச் சேமியுங்கள். பழைய எக்செலில் அந்த வகை இருக்காது. அப்படியென்றால் தாளைக் கூகுள் ஷீட்ஸில் ஏற்றி அங்கிருந்து சிஎஸ்வியாக டவுன்லோட் பண்ணுங்கள், அது எப்போதும் யூடிஎஃப்-8 ஆகத்தான் தரும். லிப்ரே ஆஃபீஸ் என்றால் சேமிக்கும்போது எந்தத் தொகுதி என்று அதுவே கேட்கும்.

கேள்விக்குறி இல்லாமல், தலையும் காலும் புரியாத கிறுக்கல் எழுத்துகள் வரிசையாக வந்தால் பயப்பட வேண்டாம். அப்போது சொல் உள்ளே பத்திரமாக இருக்கிறது, கோப்பைத் திறக்கிற மென்பொருள்தான் தப்பாக வாசிக்கிறது. ஜப்பானியர்கள் இதற்கு மொஜிபகெ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மொஜி என்றால் எழுத்து, பகெ என்றால் உருமாறுவது. டவுன்லோட் பண்ணிய சிஎஸ்வியை இரண்டு தரம் கிளிக் செய்து எக்செலில் திறந்தால் சில கணினிகளில் இது வரும். பார்த்துவிட்டு மூடிவிடுங்கள், சேமிக்காதீர்கள். சேமித்தால்தான் நிஜமாகவே கெடும்.

சரி, தமிழுக்கு என்ன ஆனது? தமிழ் எழுத்துக்கும் அந்தப் பழைய தொகுதியில் இடமில்லையே, அதுவும் கேள்விக்குறியாகத்தானே போயிருக்க வேண்டும்? போகவில்லை என்றால் அது போனிலும் இணையத்திலும் வரும் பொது முறையான யூனிகோட் தமிழே இல்லை. உங்கள் தாளில் தமிழ்ப் பொருளைக் கொமியுனிகேஷன் கடையில் கொடுத்து டைப் பண்ணியிருப்பார்கள், பாமினி எழுத்துருவில். நம் பக்கத்தில் கல்யாணக் கார்டும் மரண அறிவித்தலும் இன்னும் பாமினியில்தான் அடிக்கப்படுகின்றன. பாமினி உள்ளுக்குள் ஆங்கில எழுத்துகளைத்தான் வைத்திருக்கிறது, மேலே தமிழ் உருவம் போர்த்திக் காட்டுகிறது. அன்கிக்குப் போனதும் போர்வை விலகி ஆங்கில எழுத்து தெரிகிறது.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. 'அம்மா' என்று அடித்தால் நடுவில் ஓர் அரைப்புள்ளி விழும். கோப்பை ஏற்றும்போது நிரல்களை (தாளின் நெடுவரிசைகளை) பிரிக்கும் குறி அரைப்புள்ளி என்று இருந்துவிட்டால், மெய்யெழுத்து வருகிற இடமெல்லாம் சொல் உடைந்து அடுத்த நிரலுக்குப் போய்விடும். என் தோழி ஒருத்தியின் தாளில் 'பக்கவாதம்' இரண்டு நிரலில் உடைந்து கிடந்ததைப் பார்த்து இருவரும் ஒரு பின்னேரம் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டோம். பாமினியை யூனிகோடாக மாற்றும் பக்கங்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. தமிழ் நிரலை மட்டும் முழுதாகப் பிரதி எடுத்து, மாற்றி, திரும்ப ஒட்டினால் போதும். எஃப்எம் அபய போன்ற எழுத்துருவில் உள்ள சிங்கள நிரலுக்கும் இதே கதைதான். சேர் விளக்குவது சிங்களத்தில் என்பதால் அந்த நிரலை நீக்கிவிடாதீர்கள், அதையும் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் எழுத்துக்காக. இனி நிரல்களின் ஒழுங்கு. நான் அதிகம் இழந்தது இதில்தான்.

அன்கி முதல் நிரலை அடையாளமாக எடுத்துக்கொள்ளும். ஏற்றுகிற வரியின் முதல் நிரல் அன்கியில் ஏற்கெனவே உள்ள ஒரு குறிப்போடு (ஒரு சொல்லின் பதிவோடு) ஒத்துப்போனால், புதிதாகச் சேர்க்காமல் பழையதைப் புதுப்பித்துவிடும். நான் முதல் நிரலில் ஹிரகனாவை வைத்திருந்தேன். ஒரு பாடத்தில் 'ஹஷி' வந்தது, சாப்பிடும் குச்சி. பல வாரம் கழித்து இன்னொரு பாடத்தின் கோப்பை ஏற்றினேன், அதிலும் 'ஹஷி', ஆனால் பாலம். குச்சி இருந்த இடத்தில் பாலம் ஏறி உட்கார்ந்துவிட்டது. 'அமெ' மழையும் ஆகும், மிட்டாயும் ஆகும். 'கமி' கடதாசி, தலைமுடி, கடவுள் மூன்றும் ஆகும். ஜப்பானிய மொழியில் இப்படி ஒலியால் ஒத்த சொற்கள் ஏராளம். எனக்கு எத்தனை சொல் காணாமல் போனதென்று கடைசிவரை கணக்கு எடுக்க முடியவில்லை.

எனவே முதல் நிரலில் எண்ணைப் போடுங்கள். வெறுமனே 7-12 என்று அடித்தால் எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும், 0012 என்று அடித்தால் முன்னால் உள்ள பூச்சியங்களைத் தின்றுவிடும். 'பா07-012' என்று எழுத்தோடு தொடங்கினால் அது தொடாது. இப்படி எண் இருந்தால் இன்னொரு பெரிய வசதி: தாளில் ஒரு பிழையைத் திருத்தித் திரும்ப ஏற்றினால், அந்த அட்டையை நீங்கள் இதுவரை படித்த கணக்கு அழியாமல் எழுத்து மட்டும் திருந்தும்.

அடுத்த நிரல்களில் கான்ஜியோடு சொல், ஹிரகனா வாசிப்பு, தமிழ்ப் பொருள், சிங்களப் பொருள், ஓர் உதாரண வாக்கியம். உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதும் நிரல் வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். நெடில் குறில், ஒற்று இரட்டிப்பது இதிலெல்லாம் தமிழ் எழுத்து நன்றாகக் கை கொடுக்கும். ஒபசன் மாமி, ஒபாசன் பாட்டி, அது சரியாக வரும். ஆனால் க என்ற ஓர் எழுத்தே இரண்டு ஒலிக்கும் நிற்பதால், சாவியும் பனிச்சம்பழம் மாதிரியான அந்தக் காக்கிப் பழமும் நமக்கு 'ககி' என்று ஒன்றாகிவிடும். ஹிரகனாவில் இரண்டு சின்னக் கோடுதான் அதைப் பிரிக்கிறது. அந்தக் கோட்டைப் பார்த்துப் பழகாவிட்டால் சோதனையின் கேட்டல் பகுதியில் மாட்டிக்கொள்வீர்கள்.

தமிழ்ப் பொருள் நிரலை நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள். அகராதித் தமிழ் வேண்டாம். 'இத்தெகிமசு' என்பதற்கு ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்து 'நான் வெளியேறுகிறேன்' என்று என் தாளில் இருந்தது. சொல்லுக்குச் சொல் அது 'போய் வருகிறேன்'. காலையில் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பும்போது அம்மா சொல்வது அதேதான், 'போயிட்டு வாறேன்'. 'தபெதெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார், 'ஷிதெ ஒகு' என்றால் செய்து வை. துணைவினை வரை நம் மொழியைப் போலவே நிற்கிறது. 'ஸொரெ'க்கு நான் 'அது' என்று எழுதி 'அரெ'யோடு குழம்பிக்கொண்டிருந்தபோது, வகுப்பில் இருந்த யாழ்ப்பாணத்துத் தோழிதான் 'எங்கட உது' என்றாள். கொரெ, ஸொரெ, அரெ: இது, உது (கேட்பவர் பக்கத்தில் உள்ளது), அது. அன்றோடு குழப்பம் தீர்ந்தது.

பராமரிப்பு வேலைச் சொற்களில் இது இன்னும் முக்கியம். வலியைச் சொல்ல ஜப்பானியத்தில் இரட்டித்து வரும் சொற்கள் நிறைய உண்டு. ஸுகிஸுகி, சிகுசிகு, ஹிரிஹிரி. தாளில் மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஏதோ போட்டு, தமிழில் மூன்றுக்கும் 'வலி' என்று இருந்தது. ஒரு நாள் லயத்துக் குசினியில் ஆச்சிக்கு முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். 'விண்ணு விண்ணுன்னு தெறிக்குது' என்றார். ஸுகிஸுகி அதுதான். ஊசி குத்துவது போல் 'சுருக்சுருக்' என்றால் சிகுசிகு. தோல் உரிந்த இடத்தில் காந்துகிறதே, அது ஹிரிஹிரி. அன்றிரவு போனிலேயே தாளைத் திறந்து அந்த மூன்று பொருளையும் ஆச்சியின் சொல்லால் மாற்றினேன். பிறகு அந்த அட்டைகளில் ஒரு தரம்கூட நான் பிழை விடவில்லை. உங்கள் வீட்டிலும் வயதான ஆட்கள் இருந்தால் அவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அரிப்பு, தலைசுற்று, குமட்டல், உடம்பு அசதி எல்லாவற்றுக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது.

ஏற்றுவது சுலபம். கணினி அன்கியில் ஃபைல் மெனுவில் இம்போர்ட் கொடுத்தால் முன்னோட்டம் காட்டும். நிரல்கள் சரியாகப் பிரிந்திருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். எந்த நிரல் எந்த இடத்துக்கு என்பதை நீங்களே தெரிந்தெடுங்கள். பாடப் பெயருக்கு ஒரு நிரல் வைத்து அதை டேக் (அட்டைகளை வகை பிரிக்கும் அடையாளச் சொல்) ஆகக் காட்டலாம். டேக்கில் இடைவெளி விடாதீர்கள், விட்டால் இரண்டு டேக் ஆகிவிடும்.

போனுக்குக் கொண்டுபோக, அட்டைகளை இணையத்தில் வைத்துக்கொள்ளும் அன்கிவெப் கணக்கு ஒன்று போதும், ஆண்ட்ராய்டில் எல்லாம் இலவசம். ஆனால் புதிய நிரல் ஒன்றைப் பிறகு சேர்த்தால், அடுத்த முறை இணைக்கும்போது 'மேலே ஏற்றவா, கீழே இறக்கவா' என்று கேட்கும். நிரலைச் சேர்ப்பதற்கு முன்பே போனையும் கணினியையும் இணைத்துவிட்டு, சேர்த்த பிறகு கணினியிலிருந்து மேலே ஏற்றுங்கள். தோட்டத்தில் சிக்னல் இல்லாமல் நான்கு நாள் போனில் மட்டும் படித்துவிட்டு, கடைக் கணினியில் அவசரத்தில் மாற்றி அழுத்தி, அந்த நான்கு நாள் படிப்பையும் நான் இழந்திருக்கிறேன். கடைக் கணினி என்றால் முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேற மறக்காதீர்கள்.

ஒரு நாளைக்கு 20 புதிய அட்டை என்று அன்கி தானாகவே வைத்திருக்கும். வேலைக்கும் போய்க்கொண்டு படிக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள், 10 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சில வாரங்களில் பழைய அட்டைகள் மலையாகக் குவியும். ஜேஎஃப்டி பேசிக் என்ற ஜப்பானிய மொழிச் சோதனையில் 250க்கு 200 எடுத்தால் சித்தி (தேர்ச்சி), அதற்கு அவசரமாக விழுங்கிய சொல் உதவாது.

எழுத்தை மாற்றியதும் முதல் பத்து வரியை மட்டும் தனிக் கோப்பாக ஏற்றிப் பாருங்கள். அதிலும் கேள்விக்குறி வந்தால் எந்த எக்செல், எப்படிச் சேமித்தீர்கள் என்று கீழே எழுதுங்கள், இரவு எட்டு மணிக்குப் பிறகு பார்த்துப் பதில் போடுகிறேன்.