குதிகால் வலிக்குக் கடல்மணல் ஆகாது

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. பள்ளியில் கோ-கோ ஆடுகிறாள். சாயங்காலம் கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஓடுவாள். ஒரு மாதமாக ஆடி முடித்ததும் இரண்டு குதிகாலும் வலிக்கிறது என்று நுனிக்காலில் நடக்கிறாள். காலையில் சரியாகிவிடுகிறது. மாமியார் செங்கல்லைச் சுட்டு எருக்கிலை வைத்து மிதிக்கச் சொல்கிறார். ஆட்டத்தை நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, தொண்டி

பதில்: உங்கள் மகள் சாக்குச் சொல்லவில்லை. நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் ‘சீவர்ஸ்’ எனப்படும் வளர்பருவக் குதிகால் வலி. 8 முதல் 14 வயதுக்குள் ஓடியாடும் பிள்ளைகளுக்கு வருவது. பெரியவர்களின் குதிவாதம் வேறு. அது காலையில் முதல் அடி வைக்கும்போது அடிப்பாதத்தில் குத்தும்.

இந்த வயதில் குதிகால் எலும்பின் பின்முனை முழுதாக ஒட்டியிருக்காது. நடுவே குருத்தெலும்புத் தட்டு இருக்கும். கெண்டைக்காலிலிருந்து இறங்கும் தடித்த தசைநாண் அந்த முனையில்தான் பிடித்திருக்கிறது. பிள்ளை மளமளவென்று உயரும்போது எலும்பு முந்திக்கொள்ளும், கெண்டைச்சதை இறுகும். ஓட்டமும் தாவலும் அந்தத் தட்டை இழுத்து இழுத்து நோகவைக்கின்றன.

முதலில் காலைக் கழுவி நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நம் பக்கம் சீமைக்கருவேல முள்ளும் சிப்பி ஓடும் குத்தாத கால் ஏது? முள் ஒடிந்து தங்கியிருந்தால் அடியில் ஒரே புள்ளியில் சுருக்கென்று வலிக்கும். அப்படி இல்லையென்றால் குதிகாலின் இரு பக்கத்தையும் விரல்களால் சேர்த்து அழுத்துங்கள். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் சீவர்ஸ் என்பதற்கு அது நல்ல அடையாளம்.

மணல் மெத்தென்று இருப்பதால் காலுக்கு நல்லது என்று பலரும் நினைக்கிறோம். உதிரி மணலில் குதிகால் விரல்களைவிடக் கீழே புதையும். தசைநாண் இன்னும் இழுபடும். வலி தீரும்வரை மணல் ஓட்டம் வேண்டாம், வெறுங்கால் ஆட்டமும் வேண்டாம். தட்டையான ரப்பர் செருப்பும் உதவாது. குதிப்பகுதி கெட்டியான ஷூ வாங்கி, உள்ளே அரை முதல் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு அழுத்தமான ஃபோம் அல்லது மருந்துக்கடையில் கிடைக்கும் சிலிக்கான் குதிப்பட்டை வையுங்கள். ஒரு கால் வலித்தாலும் இரண்டு ஷூவிலும் வைக்க வேண்டும்.

சுட்ட செங்கல் வேண்டாம். பிள்ளையின் தோல் வெந்துவிடும். ஆடி வந்ததும் ஐஸ்தான் நல்லது. மீன் பெட்டிக்கு உடைக்கிற ஐஸே போதும்: பாலித்தீன் பையில் போட்டு, ஈரத்துண்டில் சுற்றி 15 நிமிடம். ஐஸை நேரடியாகத் தோலில் வைக்காதீர்கள்.

காலையும் மாலையும் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி. சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, குதி தரையைவிட்டு எழாமல், முழங்காலை நேராக்கி 30 விநாடி நிற்கட்டும். மூன்று முறை. பிறகு பின்கால் முட்டியைச் சற்று மடக்கி அதேபோல் மூன்று முறை. சதை இழுப்பது தெரியலாம். குதியில் வலித்தால் அளவுக்கு மீறிவிட்டது என்று பொருள்.

ஆட்டத்தை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. இரண்டு மூன்று வாரம் வேக ஓட்டமும் தாவலும் மட்டும் கூடாது. நீச்சல், சைக்கிள் இருக்கட்டும். பிறகு ஷூவோடு பாதி நேரம் ஆடவிடுங்கள். லேசாக வலித்து மறுநாள் காலையில் தீர்ந்தால் மெல்லக் கூட்டலாம். நொண்டினால் அன்றே நிறுத்துங்கள். முழுதாகத் தீரச் சில மாதம்கூட ஆகும், திரும்பவும் வரலாம். 15 வயதையொட்டி எலும்பு ஒட்டிவிட்டால் அதன்பின் இந்த வலி இருக்காது.

வீக்கம், சிவப்பு, காய்ச்சல், தூக்கத்தை எழுப்பும் வலி, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு, கீழே விழுந்த பிறகு ஊன்ற முடியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரேயில் பின்முனை துண்டு துண்டாகத் தெரிந்தால் பதற வேண்டாம், இந்த வயதில் அது இயல்பு. குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போடச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.