ஜப்பான் வாரத்துக்கு கிமோனோ ஏஜென்ட் தேவையா?

கேள்வி: கோவையில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். அடுத்த மாதம் ஐந்து நாள் ‘ஜப்பான் வாரம்’ நடத்தச் சொல்லிவிட்டார்கள். எனக்கு மொழியும் தெரியாது, அந்த நாட்டுக்குப் போனதும் இல்லை. கிமோனோ, பட்டறை, ‘ஜப்பான் அரசு அங்கீகாரச் சான்றிதழ்’ எல்லாம் சேர்த்துத் தருவதாக ஒரு ஏஜென்ட் பிள்ளைக்கு இவ்வளவு என்று கேட்கிறார். ஒப்புக்கொள்ளலாமா? நானே நடத்தினால் எதைச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள். பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டது நல்லதாகப் போயிற்று. அரை நாள் பட்டறையில் உட்கார்ந்த பிள்ளைக்கு ஜப்பான் அரசு சான்றிதழ் தருவதில்லை. ஜேஎல்பிடி என்ற பெயரைச் சொல்லி மயக்குவார்கள். அது மொழித் தேர்வு, இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கிமோனோ விஷயம் இன்னும் மோசம். உடுத்துபவரின் இடப்பக்கத் துணிதான் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. இதுகூடத் தெரியாமல்தான் பாலியஸ்டர் கவுனை மாட்டிவிட்டுப் போகிறார்கள். ஆண்டுவிழாப் படங்களில் பிள்ளைகள் அப்படி வரிசையாக நிற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். நிர்வாகங்களுக்கு வேண்டியதோ ஒரு படம்தான். ஆசிரியருக்குப் பயிற்சி கிடையாது, வண்ணத்தாள் வாங்கக் காசு கிடையாது, ஏஜென்டுக்குக் கொடுக்க மட்டும் பணம் இருக்கிறது!

சரி, எதைச் சொல்லிக்கொடுப்பது? சாமுராய், தேநீர்ச் சடங்கு எல்லாம் அப்புறம். அங்கே ஒரு எட்டு வயதுப் பிள்ளையின் பள்ளி நாள் எப்படிப் போகிறது என்பது போதும். வாசலில் ஷூவைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, உள்ளே போட்டுக்கொள்ளும் ‘உவாபாகி’க்கு மாறுவார்கள். மதிய உணவுக்கு 1954 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. முறை வந்த பிள்ளைகள் வெள்ளை அங்கி, தொப்பி, முகக்கவசம் போட்டுக்கொண்டு மற்றவர்களுக்குப் பரிமாறுவார்கள். எல்லாருக்கும் தட்டு வந்த பிறகு சாப்பாட்டுக்கு நன்றி சொல்லும் ‘இத்தாதாகிமாஸ்’ என்ற வார்த்தையைச் சொல்லிச் சேர்ந்து சாப்பிடுவார்கள், ஆசிரியரும் வகுப்பிலேயே உட்கார்ந்து. ஒரு நாள் உங்கள் வகுப்பில் இப்படிப் பரிமாறவிடுங்கள். ஐந்து நாளில் அதுதான் பிள்ளைகள் மனதில் நிற்கும்.

அடுத்து துப்புரவு. இதில் ஒரு எச்சரிக்கை. ஜப்பானில் பிள்ளைகளே வகுப்பைப் பெருக்கித் துடைப்பார்கள், பல பள்ளிகளில் கழிப்பறையும் அதில் சேர்த்தி. அதை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். பட்டியல் சமூகப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவவைத்ததற்காகத் தலைமையாசிரியர் கைதான மாநிலம் இது. வகுப்பறையோடு நிறுத்துங்கள். பெயர்களை அகர வரிசையில் எழுதி ஒட்டி, எல்லாரும், முதல் நாள் நீங்களும், துடைப்பத்தைப் பிடியுங்கள். குறும்பு செய்த பிள்ளைக்குத் தண்டனையாக ஒருபோதும் கொடுக்க வேண்டாம். ‘யார் நன்றாகப் பெருக்குவார்கள்?’ என்று கேட்டு ஆள் பிடிக்கவும் வேண்டாம். பெற்றோருக்கு முன்கூட்டியே கடிதம் அனுப்புங்கள். ஒருவர் மறுத்தாலும் அந்தப் பகுதியையே விட்டுவிடுங்கள், அந்தப் பிள்ளையை மட்டும் ஒதுக்கி உட்காரவைக்காதீர்கள்.

மார்ச் 3ஆம் தேதி பெண் குழந்தைகளுக்கான ஹினா பொம்மைப் பண்டிகை. சிவப்புத் துணி விரித்த படிகள், உச்சியில் அரசரும் அரசியும், அடுத்த படியில் மூன்று பணிப்பெண்கள், அதற்கும் கீழே ஐந்து இசைக் கலைஞர்கள். கொலு பார்த்த பிள்ளைக்கு விளக்கமே தேவைப்படாது. படம் காட்டினால் போதும்.

கதை சொல்ல ‘காமிஷிபாய்’ செய்யுங்கள். 1930களில் அங்கே சைக்கிளில் வந்து மிட்டாய் விற்றபடி தெருவில் நடத்திய படக்கதை இது. பழைய அட்டைப்பெட்டியில் ஜன்னல் வெட்டி, படங்களை ஒவ்வொன்றாக உருவிப் பின்னால் செருக வேண்டும். முதல் படத்துக்கான கதையைக் கடைசி அட்டையின் பின்புறமும், இரண்டாம் படத்துக்கானதை முதல் அட்டையின் பின்புறமும், இப்படியே வரிசையாக எழுதுங்கள், அப்போதுதான் படம் பிள்ளைகளைப் பார்க்கும்போது எழுத்து உங்களைப் பார்க்கும். பீச் பழத்திலிருந்து பிறந்த மொமோதாரோ, நாய், குரங்கு, காட்டுக்கோழியோடு அரக்கர்களை வெல்லப் போகும் கதை நன்றாகப் பொருந்தும்.

காகிதக் கொக்கு இந்த வயதுக்குக் கடினம், பாதி வகுப்பு அழுதுவிடும். செய்தித்தாளைச் சதுரமாக வெட்டி சாமுராய் தலைக்கவசம் மடிக்கச் சொல்லிக்கொடுங்கள்.

சென்னையில் ஜப்பான் துணைத் தூதரகம் இருக்கிறது. படமோ பொருளோ கிடைக்குமா என்று பள்ளியின் பெயரில் நேரடியாகக் கடிதம் எழுதிக் கேளுங்கள். ‘நாங்கள் வாங்கித் தருகிறோம்’ என்று நடுவில் யார் வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.