கடையின் இணையதளத்துக்கு எந்த எஸ்எஸ்எல் சான்றிதழை வாங்குவது?

ரோஸ்ஹில்லில் புடவையும் பூசைப் பொருள்களும் விற்கும் உங்கள் கடைக்கு இணையதளம் தொடங்கப் போவதாகவும், தளத்தைத் தங்கள் கணினியில் வைத்து இயக்கித் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தார் மூன்று விலைகளில் எஸ்எஸ்எல் என்னும் பாதுகாப்புச் சான்றிதழ்களைக் காட்டி, அவற்றுள் விலை மிகுந்த இ.வி. சான்றிதழையே வாங்கச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை வாங்க வேண்டாம் என்பதே என் பதில். மொரீஷியசில் சிறு வணிகர்களுக்கு இணையதளம் அமைத்துப் பராமரிப்பதே என் தொழில் என்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

டி.வி., ஓ.வி., இ.வி. என மூன்று வகைச் சான்றிதழ்கள் உண்டு. வாடிக்கையாளருக்கும் தளத்துக்கும் இடையே செல்லும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாதபடி மறைக்க அவை செய்யும் மறையாக்கம் ஒன்றுதான். டி.வி. என்பது அந்த டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரிப் பெயர், உங்கள் கையில் இருக்கிறதா என்பதை மட்டும் சரிபார்த்து வழங்கப்படுவது. ஓ.வி. வேண்டுமானால் உங்கள் வணிகப் பதிவு எண்ணையும் பதிவான பெயரையும் பார்ப்பார்கள், இ.வி.க்கு இன்னும் கூடுதலான ஆவணங்களைக் கேட்பார்கள். பூட்டு ஒன்றே, அதைக் கொடுக்குமுன் உங்களைப் பற்றி எவ்வளவு விசாரிக்கிறார்கள் என்பதில்தான் விலை வேறுபடுகிறது. முன்பு இ.வி. வைத்திருந்தால் முகவரிப் பட்டையிலேயே நிறுவனத்தின் பெயர் தெரியும். ஆனால் 2017இல் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர், இணையவழிப் பணப் பரிமாற்றத்தில் புகழ்பெற்ற ஸ்ட்ரைப் நிறுவனத்தின் பெயரிலேயே அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் வேறொரு நிறுவனத்தைச் சட்டப்படி பதிவுசெய்து, அதற்கு முறையாக இ.வி. சான்றிதழும் பெற்று, பட்டையில் தெரியும் பெயரை மட்டும் நம்ப முடியாது என்று காட்டினார். 2019இல் குரோம் 77, ஃபயர்ஃபாக்ஸ் 70 ஆகிய பிரவுசர் பதிப்புகள் முதல் அந்தப் பெயர் முகவரிப் பட்டையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. இன்று உங்கள் வாடிக்கையாளர் தேடிச் சென்று சொடுக்கினால் ஒழிய அது அவர் கண்ணில் படாது. கண்ணில் படாத ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான ரூபாய் கொடுப்பது ஏன்?

உங்களைப் போன்றவர்களுக்கு உண்மையில் தொல்லை வருவது சான்றிதழின் வகையால் அன்று, அது காலாவதியாவதால்தான். கிராண்ட் பேயில் விருந்தினர் விடுதி நடத்தும் ஓர் அக்காவின் தளத்தை நான் பார்த்து வந்தேன். சான்றிதழை விற்ற நிறுவனம் ஆண்டுக்கொரு முறை மின்னஞ்சலில் நினைவூட்டும். அந்த அஞ்சலோ, விடுதியிலிருந்து எப்போதோ விலகிப்போன ஊழியர் ஒருவரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. சான்றிதழ் முடிந்த நாள் தைப்பூசக் காவடிக்கு முந்தைய நாள். முடியும் நேரம் உலகப் பொது நேரப்படி இரவு 23:59:59 எனக் குறிக்கப்பட்டிருந்தது. நம் கடிகாரம் அதற்கு 4 மணி நேரம் முந்தியது என்பதால், இங்கே காவடியன்று விடியற்காலை 4 மணிக்குத் தளம் முடங்கிவிட்டது. பொது விடுமுறை. நானும் விரதமிருந்து காவடி எடுக்கப் போனதால் கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டேன். மாலையில் வந்து பார்த்தால் அந்த அக்காவிடமிருந்து பதினொரு அழைப்புகள். அண்டைத் தீவான ரீயூனியனிலிருந்து அறை பதிவுசெய்ய முயன்ற ஒரு குடும்பத்தார், ‘உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல’ என்று பிரெஞ்சில் எச்சரித்த சிவப்புச் சின்னத் திரையைப் படமெடுத்து அவருக்கு அனுப்பியிருந்தார்கள். “தம்பி, என் வாசல் கதவிலே ‘இது திருடன் வீடு’ன்னு யாரோ எழுதி ஒட்டின மாதிரி இருக்கு” என்றார். அந்தச் சொல் இன்றும் என் மனத்தில் நிற்கிறது. பல ஆண்டு உழைப்பில் சேர்த்த நம்பிக்கை அன்று ஒரு பகலுக்குள் ஆட்டம் கண்டது.

இனி இந்த ஆபத்து கூடத்தான் போகிறது. 2020 செப்டம்பர் முதல் சான்றிதழ்களின் ஆயுள் 398 நாளுக்கு மிகக் கூடாது என்றிருந்தது. பிரவுசர் நிறுவனங்களும் சான்றிதழ் வழங்குவோரும் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, 2026 மார்ச் 15 முதல் வழங்கப்படுபவற்றுக்கு 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என அது குறைகிறது. அப்போது கையால் புதுப்பிப்பதானால் ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டு முறை செய்ய வேண்டியிருக்கும். ‘மூன்றாண்டுச் சான்றிதழ்’ என்று யாராவது விற்றால், அது மூன்றாண்டுச் சந்தா மட்டுமே. இடையிடையே புதிய சான்றிதழைப் பெற்று நிறுவியே ஆக வேண்டும்.

ஆகவே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடுள்ள டி.வி. சான்றிதழ் உங்களுக்குப் போதும். லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு 2015 முதல் இதை இலவசமாகவே வழங்கி வருகிறது; ஏசிஎம்ஈ என்னும் நெறிமுறை வழியாகத் தளம் இயங்கும் கணினியான சர்வரே கேட்டுப் பெற்று, நிறுவி, காலம் முடியுமுன் மாற்றிக்கொள்கிறது. இலவசம் என்பதால் மட்டம் என்று எண்ண வேண்டாம். ஆனால் காலாவதியை நினைவூட்டும் அஞ்சல்களை அவர்கள் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள் என்பதால், சான்றிதழ் முடியும் நாளைக் கண்காணித்து உங்கள் கைப்பேசிக்கே செய்தி அனுப்பும் சேவை ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது அவசியம். டபிள்யூ டபிள்யூ டபிள்யூ சேர்த்தும் சேர்க்காமலும் இரு பெயர்களுக்கும் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே தளம்தான் என்பதால், பல துணைப் பெயர்களுக்கும் சேர்த்து வழங்கப்படும் வைல்டுகார்டு சான்றிதழ் உங்களுக்குத் தேவைப்படாது.

நிறுவிய பிறகு, கடையின் கணினியில் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். உங்கள் சான்றிதழை வழங்கியவர் நம்பத்தக்கவர் என்பதைப் பிரவுசருக்குக் காட்டும் இடைநிலைச் சான்றிதழைச் சர்வரில் வைக்க மறந்துவிட்டால், கணினியில் நன்றாகத் திறக்கும் அதே தளம் சில கைப்பேசிகளில் எச்சரிக்கை காட்டும். உங்களிடம் வாங்குபவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள். எஸ்எஸ்எல் லேப்ஸ் தளத்தின் இலவசச் சோதனை இந்தக் குறையை உடனே சொல்லிவிடும். இன்னொன்று: சான்றிதழோடு இணைந்த இரகசியக் குறியீடான தனிச் சாவியை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்பவர்களிடம் எந்த வகைச் சான்றிதழையும் வாங்காதீர்கள். அந்தச் சாவி சர்வரிலேயே உருவாகி அங்கேயே இருக்க வேண்டியது.

ஒரு வங்கியோ ஒப்பந்தப் புள்ளியோ எழுத்து மூலமாகக் கேட்டால் மட்டும் ஓ.வி. வாங்குங்கள். அப்போது அதில் வருவது பெயர்ப்பலகையில் உள்ள கடைப் பெயரன்று, பதிவான பெயர் என்பதை மறக்க வேண்டாம். சான்றிதழுக்கு மிச்சமாகும் பணத்தை வேறிடத்தில் செலவிடலாம். சான்றிதழ் காப்பது வழியில் செல்லும் தகவலைத்தான். உங்கள் சர்வரை வந்தடைந்த பிறகு வாடிக்கையாளரின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் காப்பது உங்கள் பொறுப்பு என்கிறது நம் நாட்டின் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அட்டை எண்கள் உங்கள் தளத்தில் தங்கவே வேண்டாம். பணம் செலுத்தும் பக்கம் வங்கியினுடையதாகவே இருக்கட்டும்.

நாளை அந்த ஹோஸ்டிங் நிறுவனத்தாரை அழைத்து, “சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்படுமா? அது தவறினால் யாருக்கு, எத்தனை நாளுக்கு முன் தகவல் வரும்?” என்று கேளுங்கள். “காலம் முடியும்போது மின்னஞ்சல் அனுப்புவோம், நீங்கள் பணம் கட்டினால் மாற்றித் தருவோம்” என்று பதில் வந்தால், சான்றிதழை மட்டுமல்ல, ஹோஸ்டிங்கையும் வேறிடத்தில் பாருங்கள்.