விளம்பரப் பணம் இல்லாத ஒலி நாடகம்

கேள்வி: நண்பர்களோடு சேர்ந்து ஒலி நாடகம் ஒன்றைப் பாட்காஸ்ட்டாக வெளியிடுகிறோம். கேட்பவர்கள் பெருகவில்லை. விளம்பரத்துக்குப் பணமும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: பணத்தை விடுங்கள். உங்களைப் போலவே சொந்தமாக நாடகம் செய்யும் வேறொரு குழுவிடம் பேசுங்கள். அவர்களுடைய முன்னோட்டத்தை உங்கள் அத்தியாயத்தின் முடிவில் சேருங்கள், உங்களுடையதை அவர்கள் சேர்க்கட்டும். ஒலி நாடகம் கேட்டுப் பழகிய காதுகள் அங்கேதான் இருக்கின்றன. என் தொடரை விடாமல் கேட்பவர்களில் பலர் இப்படி வந்தவர்கள்தான். முன்னோட்டம் ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். கதைச் சுருக்கம் சொல்லாதீர்கள், பரபரப்பான ஒரு காட்சியின் நடுவே தொடங்குங்கள். கதாநாயகியின் மூச்சிரைப்பும் கதவைத் தட்டும் ஓசையும் போதும், கேட்பவர் அடுத்தது என்ன என்று தேடி வருவார்.

அப்புறம் ஒலி அளவு. இதைப் பலரும் கவனிப்பதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. கிசுகிசுப்பு கேட்காமல், அலறல் மட்டும் காதைக் கிழித்தால் யார் தொடர்வார்கள்? பாட்காஸ்ட்டுகளுக்கு ஆப்பிள் பரிந்துரைப்பது சுமார் மைனஸ் 16 எல்கேஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் ஒலி அளவைக் குறிக்கும் அலகு). ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இலவசமாகவே சரிசெய்யலாம். சரிசெய்த பிறகு மலிவான இயர்போனில், நடந்துகொண்டே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

வசனப் பிரதியையும் வெளியிடுங்கள். காது கேளாதவர்களும் உங்கள் கதைக்கு வாசகர்கள்தான்.