காசு கேட்கும் 'லேபிள்'காரரிடம் முதல் ஆல்பத்தை எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் நாங்கள் நான்கு பேர் தமிழில் பங்க் ராக் பாடுகிறோம். சொந்தக் காசில் ஸ்டுடியோ எடுத்து பத்துப் பாட்டு பதிவு செய்துவிட்டோம். ஒருவர், "35,000 கொடுங்கள், எங்கள் லேபிளில் வெளியிட்டு ஒரு லட்சம் ஸ்ட்ரீம் காட்டுகிறேன்" என்று ஒப்பந்தத்தை நீட்டுகிறார். பத்தில் ஒன்று பழைய சினிமாப் பாட்டு. வேகம் கூட்டி, வரிகளைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறோம். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம் என்றால் அது காசு போட வேண்டும். உங்களிடம் காசு கேட்கிறவர் ஏஜென்ட். அவர் செய்யப்போவது, பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு அனுப்பும் டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோக நிறுவனம் ஒன்றில் கணக்குத் திறந்து உங்கள் பாட்டை ஏற்றுவது. அதை நீங்களே செய்யலாம். பாட்டுகள் வேவ் (WAV) கோப்பாக, அட்டைப் படம் 3000-க்கு 3000 பிக்சலில், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்கள், வசவு வரும் பாட்டுக்கு 'எக்ஸ்பிளிசிட்' குறி. வேலை அவ்வளவுதான். பாட்டுக்கு ஒன்றாகத் தரும் 12 எழுத்து-இலக்க அடையாள எண்ணும் (ஐஎஸ்ஆர்சி) அங்கேயே கிடைத்துவிடும். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு லட்சம் ஸ்ட்ரீம்? ஆள் வைத்தோ மென்பொருள் வைத்தோ ஓட்டுவார்கள். ஸ்பாட்டிஃபை கண்டுபிடித்தால் விநியோக நிறுவனத்துக்கு அபராதம் போடும். அது உங்கள் தலையில் வந்து விழும், பாட்டும் தளத்திலிருந்து நீக்கப்படலாம். 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்கு 2024 முதல் அங்கே ராயல்டியே கிடையாது. நிஜமான ஆயிரம் பேரைத் தேடுங்கள்.

ஒப்பந்தத்தில் 'எல்லா உரிமையும், உலகம் முழுவதும், நிரந்தரமாக' என்ற வரி இருக்கும். அது விற்பனைப் பத்திரம். முத்திரைத் தாளில் அடித்தால் நியாயமாகிவிடாது. காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்கிறது 1957 பதிப்புரிமைச் சட்டம். அதனால்தான் அவர்கள் மறக்காமல் எழுதுகிறார்கள். ஒன்றை மட்டும் அவர்களால் பிடுங்க முடியாது. 2012 திருத்தத்தின்படி, பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ராயல்டியில் சமபங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. கொடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால், இரண்டு மூன்று ஆண்டு லைசென்ஸாக மட்டும் கொடுங்கள்.

இனி அந்தச் சினிமாப் பாட்டு. 'கவர்தானே (பிறர் பாட்டை மறுபடி பாடுவது), சட்டமே அனுமதிக்கிறது' என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். பாதி உண்மை. அதே சட்டத்தில் 31சி பிரிவு இருக்கிறது. ஆனால் முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். முந்நூறு பேர் கேட்கப்போகும் பங்க் ஆல்பத்துக்கு ஐம்பதாயிரம் பிரதிக் கணக்கு! கேசட் காலத்துக் கணக்கை இன்னும் கட்டி அழுகிறார்கள். சரி, கட்டிவிட்டாலும், பதிவுக்குத் தொழில்நுட்ப ரீதியாகத் தேவைப்படாத எந்த மாற்றமும் செய்யக்கூடாது. நீங்கள் வரியையே மாற்றிவிட்டீர்கள்; அந்தப் பிரிவு உங்களுக்கு உதவாது. வெளிநாட்டுத் தளங்கள் விற்கும் கவர் உரிமம் அமெரிக்கச் சட்டத்தை வைத்து வருவது, இங்கே குடையாகாது. வரிக்கும் மெட்டுக்கும் உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், இல்லையென்றால் ஒன்பது பாட்டோடு வெளியிடுங்கள். இருபது நிமிடம் வந்தாலே பங்க் ஆல்பத்துக்குப் போதும்.

ஏற்றுவதற்கு முன் இரண்டு வேலை. ஸ்டுடியோ பில் உங்களில் ஒருவர் பெயரில் இருக்கட்டும். பதிவை முன்னெடுத்துப் பொறுப்பேற்றவரே சட்டப்படி அதன் தயாரிப்பாளர், மைக் வைத்தவர் அல்ல. கடைசித் தவணை கொடுக்கும்முன் டிரம்ஸ், பாஸ், கிட்டார், குரல் எனத் தனித்தனி டிராக்குகளையும் ஹார்ட் டிஸ்க்கில் வாங்கிவிடுங்கள். பிறகு ஒரு தாளில் பாட்டுவாரியாக யார் வரி, யார் மெட்டு, எத்தனை சதவீதம் என்று எழுதி நால்வரும் கையெழுத்திடுங்கள். டிரம்மர் கோபித்துக்கொண்டு போவதற்கு முன்பே.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை. வேண்டுமென்றால் தில்லி அலுவலகத்தின் தளத்தில் நீங்களே செய்யலாம்: இசைக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000. ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு, அதன்பின் கோப்பு எப்போது நகரும் என்பது அவர்களுக்கே வெளிச்சம். 'சீக்கிரம் வாங்கித் தருகிறேன்' என்று பத்தாயிரம் கேட்கும் ஆளும் அதே வரிசையில்தான் நிற்கிறார்.