ஸ்பான்சரில் கனடா போனவர், உங்களை ஸ்பான்சர் செய்ய முடியுமா?

கேள்வி: நான் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். வயது 32. விவாகரத்தாகி ஐந்து வருடம் ஆகிறது. ஏழு வயது மகள் என்னோடு இருக்கிறாள். கனடாவின் ஸ்கார்பரோவில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரோடு இரண்டு வருடப் பழக்கம். இரண்டு முறை திருச்சிக்கு வந்து என்னையும் என் பெற்றோரையும் பார்த்தார். அவர் முதல் மனைவி ஸ்பான்சர் செய்து கனடா போனவர். பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கிடைத்து மூன்றரை வருடம் ஆகிறது. பிரிந்து வாழ்ந்தவருக்குப் போன வாரம்தான் விவாகரத்துத் தீர்ப்பு வந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் வந்து கோயிலில் தாலி கட்டிவிட்டு, உடனே எனக்கு ஸ்பான்சர் போடுவதாகச் சொல்கிறார். இங்குள்ள ஏஜென்ட், "மகளை இப்போது ஃபைலில் காட்டவேண்டாம், பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம்" என்கிறார். சீக்கிரம் வேண்டுமென்றால், தோழியைப் பார்க்கப் போவதாகச் சொல்லி விசிட்டர் விசாவில் போய் அங்கேயே தங்கிவிடலாம் என்றும் சொல்கிறார். எது சரி?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் யாருமே கவனிக்காத ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் நண்பர் இப்போது உங்களை ஸ்பான்சர் செய்ய முடியாது.

கணவன் அல்லது மனைவியின் ஸ்பான்சரில் பி.ஆர். ஆனவர், பி.ஆர். ஆகி ஐந்து வருடம் முடியும்வரை வேறொரு துணையை ஸ்பான்சர் செய்யக்கூடாது என்று கனடா 2012-ல் விதி கொண்டுவந்தது. கல்யாணத்தைக் காட்டி உள்ளே வந்து, பிரிந்து, அடுத்தவரைக் கூப்பிடும் சங்கிலியை அறுக்க வந்த விதி. உண்மையாக வாழ்ந்து பிரிந்தவரும் அதில்தான் மாட்டுகிறார். இடையில் சிட்டிசன் ஆனாலும் இந்த ஐந்து வருடம் குறையாது. மூன்று வருடம் அங்கே வாழ்ந்தால் சிட்டிசன்ஷிப்புக்குப் போடலாம் என்பதால் பலர் இதில் குழம்புகிறார்கள். நீங்கள் கனடாவுக்குள் இருந்துகொண்டு விண்ணப்பித்தாலும் இதே கதைதான். ஆக, இன்னும் ஒன்றரை வருடம் காத்திருக்கவேண்டும். ஒரு நாள் முந்திப் போட்டாலும் அந்த விண்ணப்பம் நிற்காது.

ஸ்பான்சருக்குத்தான் தடை, கல்யாணத்துக்குத் தடை இல்லை. ஆனால் இரண்டு வாரத்தில் தாலி என்பது வேண்டவே வேண்டாம். கனடாவில் விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்றே திருமணம் முறிந்துவிடுவதில்லை. பொதுவாக 31-ஆவது நாளில்தான் அது செல்லுபடியாகும். தீர்ப்பு வந்து ஒரு வாரம், இன்னும் இரண்டு வாரம், மொத்தம் மூன்று வாரம். அன்று தாலி கட்டினால், முதல் மனைவி சட்டப்படி இருக்கும்போதே கட்டிய தாலி அது. அந்தத் திருமணம் செல்லாது. பிறகு நீங்கள் ஃபைல் போடும்போது அதிகாரி இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், அவ்வளவுதான். 31 நாள் கழிந்ததும் நீதிமன்றத்தில் விவாகரத்துச் சான்றிதழ் என்று தனியாக ஒரு தாள் வாங்கலாம். அது கைக்கு வந்தபிறகு டிக்கெட் போடச் சொல்லுங்கள்.

அவர் இலங்கைக் குடிமகன் என்றால் (கனடா பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்), 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிவு செய்வதுதான் பத்திரம். உங்களில் ஒருவர் குறைந்தது 30 நாள் அந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்கவேண்டும். நீங்கள் திருச்சியிலேயே இருப்பதால் அது சரியாகிவிடும். நோட்டீஸ் கொடுத்து, ஆட்சேபணைக்கு 30 நாள் விட்டு, அப்புறம்தான் திருமணம். வெளிநாட்டவர் என்பதால், இப்போது திருமண பந்தத்தில் இல்லை என்பதற்கான சான்றிதழையும் பதிவாளர் கேட்பார். மூன்று வார லீவு இதற்குப் போதாது, ஆறு வாரமாவது வேண்டும். கோயில் தாலியை அந்த ஆறு வாரத்துக்குள் எந்த நல்ல நாளிலும் வைத்துக்கொள்ளுங்கள். லீவு கிடைக்கவில்லை என்று அவர் அங்கே, நீங்கள் இங்கே, நடுவில் வீடியோ காலில் கல்யாணம் என்று மட்டும் யோசிக்காதீர்கள். சடங்கின்போது இருவரும் நேரில் இல்லாத திருமணத்தைக் கனடா ஸ்பான்சருக்கு ஏற்பதில்லை.

இப்போது உங்கள் மகள். ஏஜென்ட் சொன்னதில் மிக ஆபத்தானது இதுதான். கனடா விண்ணப்பத்தில், கூட வந்தாலும் வராவிட்டாலும், 22 வயதுக்குள் இருக்கும் திருமணமாகாத பிள்ளையைக் காட்டியே ஆகவேண்டும். காட்டாமல் நீங்கள் பி.ஆர். ஆனால், அந்தப் பிள்ளை குடும்ப ஸ்பான்சரிலிருந்து விலக்கப்பட்டுவிடும். பிறகு இரக்க அடிப்படையில் விலக்கு கேட்டு அலையவேண்டும், கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்லமுடியாது. போதாக்குறைக்கு, பொய்த் தகவல் கொடுத்ததாக உங்கள் பி.ஆரையே கேள்வி கேட்கலாம். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போன ஓர் அம்மா, ஐந்து வருடம் கழித்து அதே பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். அதில் அம்மா பெயர் என்ற கட்டத்தை அவர் விரலால் மறைத்துக்கொண்டே பேசியது இன்னும் நினைவில் இருக்கிறது.

மகளை அழைத்துப்போக அவளுடைய அப்பாவின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அல்லது பொறுப்பு முழுக்க உங்களுக்கே என்ற நீதிமன்ற உத்தரவு வேண்டும். உங்கள் விவாகரத்துத் தீர்ப்பை எடுத்து, வாரம் ஒருமுறை பார்க்கும் உரிமை போல ஏதாவது அவருக்குக் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். கொடுத்திருந்தால், இந்த ஒன்றரை வருடத்தில் முதலில் முடிக்கவேண்டிய வேலை அதுதான். கடைசி மாதத்தில் போய்க் கேட்டால் பேரம் பேசுவார்கள்.

விசிட்டர் விசா தப்பில்லை, தோழி கதைதான் தப்பு. தற்காலிகமாக வந்து பார்த்துப்போவது, பின்னாளில் குடியேறுவது, இரண்டு எண்ணமும் ஒருவருக்கு ஒரே நேரத்தில் இருக்கலாம் என்று கனடா சட்டமே ஒப்புக்கொள்கிறது. அதனால் "கணவரைப் பார்க்கப் போகிறேன்" என்று உள்ளதை எழுதுங்கள். மருத்துவமனை கொடுத்த லீவு கடிதம், மகளின் பள்ளிச் சான்று, திரும்பிவரும் டிக்கெட் ஆகியவற்றை இணையுங்கள். மறுக்கலாம், மறுத்தால் போகட்டும். பொய் சொல்லிப் பிடிபட்டால் ஐந்து வருடத் தடை. அது ஸ்பான்சர் விண்ணப்பத்தையும் விழுங்கிவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. நீங்கள் நர்ஸ். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற, தகுதிக்குப் புள்ளி போட்டுக் குடியேற அழைக்கும் கனடா திட்டத்தில், மருத்துவத் துறையினருக்கென்று தனி அழைப்புகளை 2023 முதல் நடத்துகிறார்கள். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு எழுதி, படிப்புக்கு மதிப்பீட்டுச் சான்று வாங்கிவைத்தால், யாருடைய ஸ்பான்சரும் இல்லாமல் உங்கள் பெயரிலேயே மகளோடு போக வாய்ப்பிருக்கிறது. என் தங்கையாக இருந்தால் இதைத்தான் முதலில் தொடங்கச் சொல்வேன்.

ஸ்பான்சர்தான் என்றால், அதிகாரி உங்கள் ஃபைலை மட்டும் பார்க்கமாட்டார், உங்கள் நண்பருடைய பழைய ஃபைலையும் எடுப்பார். உங்களுக்கு எப்போது அறிமுகம், எப்போது முதலில் நேரில் சந்தித்தீர்கள் என்று படிவத்தில் தேதியோடு கேட்பார்கள். முதல் மனைவியோடு அவர் இருந்த காலத்தோடு அது முட்டக்கூடாது. அந்தக் கல்யாணம் ஏன் முறிந்தது என்று அவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அதிகாரி உங்களிடம் கேட்கும்போது தெரியாது என்றால் நன்றாக இருக்காது. கல்யாண ஆல்பம் பெரிதாக இருப்பதைவிட, அவர் வந்த இரண்டு பயணத்தின் போர்டிங் பாஸ், உங்கள் பெற்றோரோடு அவர் எடுத்த படம், பணம் அனுப்பிய ரசீது, சாதாரண நாளில் பேசிய வாட்ஸ்அப் பேச்சு ஆகியவை பலமான ஆதாரம். மறுமணம் என்று எளிமையாகச் செய்தால், ஏன் எளிமை என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி வையுங்கள். இல்லையென்றால், சடங்கு குறைவு, ஆள் குறைவு என்றே சந்தேகப்படுவார்கள்.

உங்களுக்காக ஒன்று. மனைவியாகப் போய் பி.ஆர். வாங்கினால், இரண்டு வருடம் அவரோடு சேர்ந்து வாழ்ந்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனை முன்பு இருந்தது. 2017-ல் அதை எடுத்துவிட்டார்கள். அங்கே போனபின் நிலைமை சரியில்லாமல் போனால், பி.ஆர். போய்விடுமே என்று பயந்து எதையும் பொறுத்துக்கொள்ளவேண்டியதில்லை.

ஏஜென்ட்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "விண்ணப்பத்தில் பிரதிநிதி என்று உங்கள் பெயரைப் போட்டுக் கையெழுத்திடுவீர்களா?" கட்டணம் வாங்கிக்கொண்டு பிரதிநிதியாக இருக்க கனடாவில் உரிமம் வேண்டும். வழக்கறிஞராகவோ, அந்நாட்டுக் குடிவரவு ஆலோசகர்களுக்கு உரிமம் தரும் அமைப்பின் உறுப்பினராகவோ இருக்கவேண்டும். பெயர் போடமாட்டேன் என்றால், அவர் எழுதிய பொய்க்கும் நீங்கள்தான் பொறுப்பு.

இன்று இரவு உங்கள் நண்பரோடு பேசும்போது, லேண்டிங் பேப்பரைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பி.ஆர். ஆன சரியான தேதி அதில் இருக்கும். ஐந்து வருடம் என்று அதைக் கூட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.